பிள்ளைகள மதம் பாத்து வேன்ல ஏத்தாதீங்க: எங்க பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா, தலைமை ஆசிரியர் அம்மா, பெற்றோர் ஆசிரியர் கழக நிர்வாகிகள் எல்லாருக்கும்,

வணக்கம். பள்ளிக்கூடத்து பேர இதுல எழுதல, எழுதவும் மாட்டேன். பேர் கெட்டா அங்க படிக்கிற எங்க பிள்ளைகளுக்கும் சேத்துதான் கெடும். கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு எய்டட் ஸ்கூல், அவ்வளவு போதும். யாருக்கு எழுதுறேனோ அவங்களுக்கு ரெண்டாவது வரியிலயே தெரிஞ்சிரும்.

சனிக்கிழமை சேவைக்கு போற ப்ளஸ் ஒன் பிள்ளைங்க கையில நீங்க குடுத்து விட்ட சர்க்குலர் பத்திதான் எழுதுறேன். இனிமே பிள்ளைங்க "அவரவர் சமயம் சார்ந்த இடங்களில் மட்டும்" சேவை செஞ்சா போதும்னு போட்டிருக்கீங்க, கூடவே ரெண்டு லிஸ்ட். ஒரு லிஸ்ட்ல உள்ளவங்க கோவில் வளாகம் சுத்தம் பண்ணணும், இன்னொரு லிஸ்ட்ல உள்ளவங்க சர்ச் வளாகம். இதுவரைக்கும் எல்லா பிள்ளைங்களும் சேந்து போயிட்டிருந்த முதியோர் இல்லம் ரெண்டுலயும் இல்ல. நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணு, பழையபடி எல்லா பிள்ளைகளையும் ஒரே வேன்ல ஏத்தி அந்த இல்லத்துக்கு அனுப்புங்க. கீழ எழுதுறது எல்லாம் அதுக்கான காரணம்தான், அவசரம்னா இந்த வரியோட நிறுத்திக்கலாம், ஆனா வாசிச்சா நல்லாருக்கும்.

நடந்த கதை உங்களுக்கு நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல. அந்த இல்லத்துல எடுத்த ஒரு போட்டோவுல எங்க மக ஒரு பாட்டிக்கு பைபிள் வாசிச்சிட்டு இருக்கா. இன்னொரு போட்டோவுல அவ கிளாஸ் பையன், ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்ல பூசைக்கு போற வீட்டு பையன், கை நடுக்கம் உள்ள ஒரு பாட்டாவுக்கு நெத்தியில விபூதி பூசி விடுதான். யாரோ ரெண்டையும் ஸ்டேட்டஸ் வச்சாங்க, மறுநாள் மொத போட்டோ ஒரு குரூப்ல "மதமாற்றம்"னு சுத்துது, ரெண்டாவது போட்டோ வேற குரூப்ல "நம்ம பிள்ளைகள என்ன செய்ய வைக்காங்க பாருங்க"ன்னு சுத்துது. ரெண்டு பக்கத்துக்காரங்களும் ஒரே வாரத்துல உங்க ஆபீஸுக்கு வந்து ஒரே கோரிக்கைய வச்சிட்டு போனாங்களாம். இந்த மாவட்டத்துல ரெண்டு தரப்பும் இவ்வளவு ஒத்துமையா ஒரு காரியத்துக்கு நின்னத நான் பாத்ததே இல்ல, அதுக்காகவாவது உங்கள பாராட்டணும்.

ஆனா போட்டோவுல இருந்த பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? அந்த பாட்டிகிட்ட?

அந்த பாட்டிய பத்தி சொல்லணும். வயசு எம்பதுக்கு மேல, ரெண்டு கண்ணும் மங்கலு, ஆள் நிக்கிறது தெரியும், எழுத்து தெரியாது. மக்கமாரு வெளிநாட்டுல. பணம் மாசாமாசம் வருது, அதுல கொற சொல்ல முடியாது. அவங்களுக்கு வேண்டியது சாயங்காலம் சாயா குடிச்ச பொறவு யாராவது பக்கத்துல இருந்து பைபிள்ல சங்கீதம் வாசிச்சு குடுக்கணும், அவ்வளவுதான். இல்லத்துல வேல பாக்கிறவங்களுக்கு அதுக்கு நேரம் கெடையாது, படுக்கையில கெடக்கிறவங்கள பொரட்டி போடவும் துணி மாத்தவுமே அவங்களுக்கு பொழுது பத்தாது. எங்க மக போனப்ப பாட்டி நீ எந்த சர்ச்சுன்னு கேட்டாங்களாம், இவ நாங்க கோவிலுக்கு போறவங்க பாட்டின்னு சொன்னாளாம், சரி மக்ளே ஒனக்கு தமிழ் வாசிக்க தெரியும்லா, வாசின்னாங்களாம். மதமாற்றம்னு குரூப்ல சொன்னாங்களே, அது நடந்த லட்சணம் இதாக்கும்.

பாட்டி ஒண்ணும் கொஞ்சி பேசுற ஆளும் கெடையாது. நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்தலன்னா ஏசுவாங்க, வேகமா வாசிச்சா ஏசுவாங்க. எங்க மக வீட்டுல வந்து மூஞ்சிய தூக்கி வச்சிட்டு இருப்பா, அந்த பாட்டிகிட்ட இனிமே போவ மாட்டேன்னு சொல்லுவா, அடுத்த சனிக்கிழமை நேரத்தோட கெளம்பி நிப்பா. நான் என்ன ஏதுன்னு கேக்கமாட்டேன்.

சர்க்குலர் வந்த பொறவு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்த இல்லத்துல உள்ள வார்டன் அக்கா எனக்கு போன் பண்ணுனாங்க. பாட்டி கேட்டுட்டே இருக்காங்களாம், பிள்ளைக்கு சொகமில்லயா, காய்ச்சலான்னு. சர்க்குலர், லிஸ்ட், வாட்ஸ்அப் குரூப் இதெல்லாம் அவங்களுக்கு எப்படி வெளங்கும், வார்டன் அக்கா பரீட்ச இருக்கும்னு சொல்லி சமாளிச்சிருக்காங்க. பாட்டி நம்பல. கடைசியா வந்தப்ப வேகமா வாசிக்கான்னு நான் ஏசிட்டேன், அதான் பிள்ள கோவிச்சிட்டு வரலன்னு சொல்லிட்டு அழுதாங்களாம். வாசிக்கதுக்குதானே, போன்ல ஆடியோ போட்டு குடுக்கலாம்லான்னு நானும் கேட்டேன். அதையும் போட்டு பாத்தாச்சாம். நிறுத்த சொல்லிட்டாங்களாம். "அதுகிட்ட நில்லுன்னு சொல்ல முடியாதுல்லா"ன்னாங்களாம்.

தாளாளர் ஐயா, எம்பது வயசு கடந்த ஒருத்தி தன் மேலதான் தப்புன்னு நினைச்சு அழுதுட்டு இருக்கா, நீங்க போட்ட ஒரு தாளுக்கு. இத கொஞ்சம் யோசிங்க. கோவத்துல எழுதக்கூடாதுன்னுதான் இத்தன நாள் எழுதாம இருந்தேன்.

சரி, நம்ம பிள்ளைங்க விஷயத்துக்கு வருவோம். ஸ்கூல்ல நன்னெறி கல்வின்னு வாரத்துல ஒரு பீரியட் டைம்டேபிள்ல இருக்கு. அந்த பீரியட்ட கணக்கு சார் எடுப்பாரு, இல்லன்னா பிசிக்ஸ் மிஸ் எடுப்பாங்க, போர்ஷன் முடிக்கணும்லா. அதுல நான் தப்பு சொல்ல வரல, எல்லா ஸ்கூல்லயும் அந்த பீரியட்டோட கதி அதுதான். ஆனா அப்புறம் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் இல்ல, பெரியவங்கள மதிக்க மாட்டேங்குதுங்க, போனே கதின்னு கெடக்குதுங்கன்னு ஆண்டு விழா மேடையில ஒவ்வொரு வருஷமும் பேசுறீங்களே. வேற எங்க போய் படிக்கும் அதுங்க?

மொதல்ல போயிட்டு வந்த அன்னைக்கு எங்க மக ராத்திரி சாப்பிடல. அந்த வாடை, மூத்திர வாடையும் டெட்டால் வாடையும் கலந்து, மூக்குலயே நிக்குதுன்னா. பொறவு பொறவு என்ன ஆச்சுன்னா, நகத்த ஒட்ட வெட்ட ஆரம்பிச்சா, பாட்டிமாரு தோல் லேசா பட்டாலே கீறுமாம். வீட்டுல எங்க மாமியார் கட்டில்ல இருந்து எந்திரிக்கும்போது கைய புடிச்சு இழுக்காம, முழங்கைக்கு கீழ தாங்கி, நீங்க எந்திரிங்க நான் புடிச்சிருக்கேன்னு சொல்லுதா. யாரு சொல்லி தந்தா? ஒதவி பண்ணுறதுக்கு முன்னாடி பண்ணட்டுமான்னு கேக்கணும்ங்கிறத அவ அங்கதான் படிச்சா. கேக்காம ஒரு பாட்டாவுக்கு கஞ்சி ஊட்ட போயி, எனக்கு கை இருக்குன்னு அவரு தட்டி விட்டாராம். நாமளே பல பேரு இன்னும் படிக்காத பாடம் அது. வெள்ளம் வந்தா பழைய கிழிஞ்ச துணிய மூட்ட கட்டி கொண்டு போயி குடுத்துட்டு செல்ஃபி எடுக்கிறவங்க நாம.

சாமி விஷயத்துல என்ன ஆச்சுன்னு கேட்டா அது இன்னும் விசேஷம். நீங்க பயப்படுற மாதிரி எங்க மக சர்ச்சுக்கு போறேன்னு சொல்லல. சாயங்காலம் விளக்கு கொளுத்துடின்னு சொன்னா முன்னாடி பத்து தடவ சொல்லணும், இப்போ சொல்லாமலே கொளுத்துதா, கொளுத்திட்டு ரெண்டு நிமிஷம் நிக்கிறா. ஒரு நாள் கேட்டா, அம்மா அந்த பாட்டி அழுது கேக்கிறதும் நம்ம பாட்டி கோவில்ல நின்னு கேக்கிறதும் ஒரே மாதிரிதான் இருக்கு, வலி கொறையணும், யாருக்கும் பாரமா இருக்கக்கூடாதுன்னுதான் கேக்காங்கன்னு. எனக்கு என்ன பதில் சொல்லன்னு தெரியல. விபூதி பூசி விட்ட பையனோட அம்மா எனக்கு பழக்கம், அவங்க சொல்லுறாங்க, முன்னாடியெல்லாம் பூசைக்கு போனா பின்னாடி வராந்தாவுல போன பாத்துட்டு நிப்பான், இப்போ பங்குல வின்சென்ட் தே பவுல் சபைக்காரங்க கூட சேந்து வீடு வீடா போறான்னு. விபூதிய தொட்டதுனால அவன் விசுவாசம் கொறஞ்சு போகல, கேட்டீங்களா.

அந்த சபை எப்படி தொடங்குச்சுன்னு தெரியுமா? 1833ல பாரிஸ்ல ஓசனாம்னு ஒரு காலேஜ் பையன், வயசு 20. மதத்த பத்தி மேடையில வாதம் பண்ணிட்டு இருந்தப்ப எதிர்ல உள்ள மாணவர்கள் கேட்டிருக்காங்க, இவ்வளவு பேசுறீங்களே, ஏழைங்களுக்கு இப்போ நீங்க என்ன செய்றீங்கன்னு. அந்த கேள்வி குத்தி, ஃபிரெண்ட்ஸ் கொஞ்ச பேர சேத்துட்டு ஏழைங்க வீட்டுக்கு போக ஆரம்பிச்சதுதான். நம்ம ஊருக்கே வாங்க. விவேகானந்தர் 1892 டிசம்பர்ல கன்னியாகுமரிக்கு வந்தப்ப அவருக்கு 30 வயசு ஆகல. நாடு பூரா நடந்து பட்டினியும் ஏழ்மையும் பாத்துட்டு வந்து அந்த பாறையில இருந்து யோசிச்சத அவரே பின்னாடி எழுதியிருக்காரு, 1897ல ராமகிருஷ்ணா மிஷன் தொடங்குனாரு, ஏழைய நாராயணனா பாருன்னு சொன்னாரு. அந்த பாறைய பாக்க வருஷா வருஷம் டூர் கூட்டிட்டு போறீங்க, போட் டிக்கெட்டுக்கு காசும் வாங்குறீங்க. அவரு சொன்னத ஒரு பிள்ள செஞ்சா மட்டும் சர்க்குலர்.

அய்யா வைகுண்டரோட சாமித்தோப்பு பதிக்கு எத்தன தடவ போயிருப்பீங்க. அங்க முத்திரிக் கிணறு எதுக்கு வெட்டுனாங்க? எல்லா சாதிக்காரங்களும் ஒரே கிணத்துல தண்ணி எடுக்கணும்னு வைகுண்டர் வெட்ட சொன்னது, அதுவும் மேல்துண்டு போட கூட தடை, அடி, உதைன்னு இருந்த திருவிதாங்கூர் காலத்துல. அதுக்கு இத்தன வருஷம் கழிச்சு நாம சேவைக்கு போற வேன ரெண்டா பிரிக்கோம்.

இன்னொண்ணு, அந்த லிஸ்ட யாரு டைப் பண்ணுனதுன்னு தெரியல. வைகுண்டர கும்பிடுற அய்யாவழி பிள்ளைங்க எந்த லிஸ்ட்டுன்னு யோசிச்சீங்களா? அதுல ஒருத்தன், எங்கள கோவில் லிஸ்ட்ல போட்டிருக்கு, ஆனா எங்க பதியில செலையே கெடையாதேன்னு சார்கிட்ட கேட்டிருக்கான், சார் சிரிச்சிட்டு போயிட்டாராம். இஸ்லாமிய பிள்ளைங்க ரெண்டு பேரு இருக்காங்க. அவங்க பேரு ரெண்டு லிஸ்ட்லயும் இல்ல. அவங்களுக்கு என்ன வேலன்னு கேட்டதுக்கு ஸ்கூல் கிரவுண்டுல பேப்பர் பொறுக்க சொல்லியிருக்காங்க. மத்த பிள்ளைங்க ரெண்டு வண்டியில போகுது, இதுங்க ரெண்டும் கேட்டுக்கு உள்ள நின்னு பாத்துட்டு இருக்கு. சேவை மனப்பான்மைய வளக்குறீங்களா, இல்ல நீ யாருன்னு இப்பவே தெரிஞ்சுக்கோன்னு சொல்லி குடுக்கிறீங்களா?

உங்க பயமும் எனக்கு புரியாம இல்ல. இது கன்னியாகுமரி. 2011 கணக்குப்படி இந்துக்கள் 48 சதவீதத்துக்கு மேல, கிறிஸ்தவங்க 46க்கு மேல, கிட்டத்தட்ட சரிக்கு சரி. 1982ல மண்டைக்காட்டுல ரெண்டு மதத்துக்காரங்களுக்கும் நடந்த கலவரம், எத்தன உயிர் போச்சு, கமிஷன் போட்டது, குன்றக்குடி அடிகளார் வந்து ரெண்டு தரப்பயும் பாத்து சமாதானம் பேசுனது எல்லாம் எங்க வீட்டு பெரியவங்க சொல்லி கேட்டுதான் வளந்தோம். ஒரு சின்ன பொறி போதும்னு நீங்க நினைக்கிறது நியாயம்தான். ஆனா 2004 டிசம்பர் 26 சுனாமியும் நினைவு இருக்கும்லா. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடின்னு கரை பூரா சாவு, மணக்குடி பாலத்தையே தண்ணி தூக்கிட்டு போச்சு. கரையில இருந்து உள்ள ஓடி வந்தவங்கள கல்யாண மண்டபத்துலயும் ஸ்கூல்லயும் தங்க வச்சப்ப சோறு பொங்கி கொண்டு போனது யாரு? நான் அன்னைக்கு காலேஜ் பிள்ள, பொதி சோறு கட்டி கட்டி கை வெந்துருச்சு. பக்கத்துல நின்னு கட்டுன பொண்ணு என்ன மதம்னு இன்னைக்கும் எனக்கு தெரியாது. 2017ல ஒக்கி புயல் அடிச்சப்பவும் அதுதான், ரப்பரும் வாழையும் சாஞ்சு கெடக்கு, நாள்கணக்குல கரண்ட் இல்ல, கடலுக்கு போனவங்க திரும்பல, அப்போ யாரும் லிஸ்ட் போடல. அந்த மாதிரி நாள்ல ஒருத்தருக்கு ஒருத்தர் ஓடி வரணும்னா சாதாரண நாள்லயே பழகியிருக்கணும். பதினாறு வயசுல பழகலன்னா எந்த வயசுல?

இதுல சேவைங்கிற பேர்ல நடக்கிற கூத்தயும் சொல்லாம இருக்க முடியல. ஒரு மரக்கன்னுக்கு ஆறு பேரு கை வச்சு நிப்பாங்க, பின்னாடி பேனர், முன்னாடி கேமரா, மறுநாள் பேப்பர்ல வரும், அடுத்த வாரம் அந்த கன்னு காஞ்சு கெடக்கும், தண்ணி ஊத்த ஒருத்தரும் இல்ல. பீச்ச சுத்தம் பண்ண போற பிள்ளைகளுக்கு பிளாஸ்டிக் கவர்ல பிஸ்கட், பிளாஸ்டிக் கப்புல ஜூஸ். நாட்டு நலப்பணித் திட்டத்த 1969ல காந்தி நூற்றாண்டு வருஷத்துல 37 பல்கலைக்கழகத்துல 40,000 மாணவர்கள வச்சு தொடங்குனாங்க, நான் முக்கியமில்ல நீங்கதான் முக்கியம்ங்கிறதுதான் அதோட கொள்கையே. இப்போ ரெண்டு வருஷத்துல 240 மணிநேரம்னு கணக்கு, அந்த கணக்க ரிஜிஸ்டர்ல நிரப்புறதுக்கு தனி தெறமை வேணும், அது நம்ம எல்லா ஸ்கூல்லயும் காலேஜ்லயும் தாராளமா இருக்கு. சர்டிபிகேட்டுக்காக போற பிள்ள சர்டிபிகேட்டோட வரும், வேற ஒண்ணும் வராது. உங்க ஸ்கூல்ல அப்படி இல்லாம, பேனர் இல்லாம, ஒரே எடத்துக்கு வாராவாரம் போயி, ஒரே ஆளுகள பாத்து, பேர் சொல்லி கூப்பிடுற அளவுக்கு பழகி ஒரு காரியம் உருப்படியா நடந்துட்டு இருந்துச்சு. அத தொடங்குன மிஸ்ஸுக்கு கையெடுத்து கும்பிடணும். அத போயி நிறுத்தியிருக்கீங்க. மரக்கன்னு ப்ரோக்ராம் மட்டும் ஜாம் ஜாம்னு நடக்குது.

எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ வந்துட்டேன், மன்னிச்சுக்கிடுங்க. கேக்க வந்தத மரியாதையா கேட்டுருதேன்.

சர்க்குலர வாபஸ் வாங்குங்க. எல்லா பிள்ளைகளையும் ஒரே வேன்ல அந்த இல்லத்துக்கு மறுபடியும் அனுப்புங்க. எதிர்ப்பு சொன்ன பெற்றோருக்கும் வழி இருக்கு. ஒவ்வொரு வீட்டுலயும் சம்மத கடிதம் வாங்குங்க, விருப்பம் இல்லாதவங்க பிள்ளைய அனுப்ப வேண்டாம், யாரையும் கட்டாயப்படுத்தி கூட்டிட்டு போனா அது சேவையும் ஆகாது. பைபிள் வாசிக்கிறதோ விபூதி பூசுறதோ எந்த பிள்ளைக்காவது சங்கடமா இருந்தா, மாட்டேன்னு சொல்ல உரிமை உண்டுன்னு போறதுக்கு முன்னாடியே சொல்லி குடுங்க, அந்த பிள்ள நகம் வெட்டட்டும், சாயா ஊத்தி குடுக்கட்டும், வேலைக்கா அங்க பஞ்சம். கூட ஒரு ஆணும் பெண்ணுமா ரெண்டு டீச்சர் போகட்டும். முக்கியமா எல்லார் செல்போனையும் வேன்லயே வாங்கி வச்சிருங்க. இந்த கலவரம் மொத்தமும் ஒரு ஸ்டேட்டஸ்ல இருந்து வந்தது. நிறுத்த வேண்டியது அந்த போட்டோவ, நீங்க நிறுத்துனது பிள்ளைகள. வயசானவங்க படுத்து கெடக்கிறத அவங்க சம்மதம் இல்லாம படம் எடுக்கிறதே மொத தப்பு, அத பத்தி சர்க்குலர்ல ஒரு வரி கூட இல்லங்கிறத கவனிச்சீங்களா?

அரையாண்டு பரீட்சைக்கு முன்னாடி பெற்றோர் கூட்டம் ஒண்ணு போடுங்க. ரெண்டு பக்கத்து குரூப் அட்மின்களையும் கூப்பிடுங்க, நானும் வாரேன். பிள்ளைகளையும் உள்ள இருக்க விடுங்க, அதுங்க பேசட்டும், நாம கேப்போம். முடிஞ்சா தாளாளர் ஐயா நீங்களும் தலைமை ஆசிரியர் அம்மாவும் கூட்டத்துக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்த இல்லத்துக்கு ஒரு நட போயிட்டு வாங்க. பாட்டி ஏசுனா கோவிச்சிக்கிடாதீங்க, நிறுத்தி வாசிக்கணும், அவ்வளவுதான்.

இதுக்கு பதில தயவுசெஞ்சு லெட்டரா குடுங்க, குரூப்ல போட வேண்டாம். குரூப்ல போட்டா அது என்ன ஆகும்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

இப்படிக்கு,
ப்ளஸ் ஒன் படிக்கிற, "கோவில் லிஸ்ட்"ல உள்ள ஒரு பிள்ளையோட அம்மா